அருவியிலிருந்து கடலுக்கு: வில்லியம் டேனியலின் நீர்க்காட்சிகளில் நடப்பியல்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலேய ஓவியர் வில்லியம் டேனியல் (1769 - 1837), பிரித்தானியத் தீவின் கடற்கரையைச் சுற்றிவந்து வரைந்த 308 அச்சோவியங்களால் கடலோவியராக அறியப்படுபவர். அவரே இளமையில் தம் சிறிய தந்தையார் தாமஸ் டேனியலுடன் தென்தமிழகத்தில் பயணம் செய்து, பாபநாசம், குற்றாலம் ஆகிய இடங்களின் அருவிகளையும் களக்காட்டு மலைக்காட்சியையும் வரைந்தவர். அவருடைய அருவி ஓவியங்களும் கடல் ஓவியங்களும் இதுவரை பெரும்பாலும் தனித்தனியே பேசப்பட்டுள்ளன. அவ்விரண்டையும் ஒருசேர வைத்து, முதல், கரு, உரி என்னும் திணைக்கோட்பாட்டின் துணையுடன் அவருடைய நடப்பியலின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவ்வோவியங்களை வட்டார வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது கைக்கொள்ளவேண்டிய நெறியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வில்லியம் டேனியல், குற்றாலம், கடலோவியம், நடப்பியல், திணைக்கோட்பாடு, அக்வாடின்ட்.

முன்னுரை

தென்காசிக்கு அண்மையில் அனுமன் நதிக்கரையில் அமைந்துள்ள ஊர் ஆய்க்குடி. சங்கப் பாடல்கள் போற்றும் ஆய் அண்டிரனின் ஆய்க்குடி இதுவே எனக் கருதுவோர் உண்டு. இவ்வூரின் மேற்கே நிற்கும் மலைத்தொடரில்தான் குற்றால அருவிகள் வீழ்கின்றன. அருவிநீர் சிற்றாறாகி ஓடுகிறது. அனுமன் நதி சிற்றாற்றிலும், சிற்றாறு தாமிரபரணியிலும் கலக்கின்றன. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆகவே இந்நிலத்து மக்களுக்கு அருவியும் கடலும் ஒரே நீரின் இரு நிலைகள். குற்றாலத்தில் நின்ற ஓர் ஓவியர் பின்னாளில் கடலோவியரானார் என்னும் செய்தியை இந்த இடத்திலிருந்து அணுகுவது பொருத்தமுடையது.

நடப்பியல் என்னும் சொல் இங்கு எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்தவேண்டும். ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் நடப்பியல் ஓர் இயக்கமாகத் தோன்றியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சில் கூர்பே முதலியோரால். அதற்கு முன்னரே மறைந்த டேனியலை அவ்வியக்கத்துள் அடக்க இயலாது. கண்ட இடத்தைக் கண்டவாறு, இன்ன இடம் என்று பிறர் அடையாளம் காணுமாறு வரையும் உறுதிப்பாடு என்னும் பொருளிலேயே இச்சொல் இங்கு வழங்கப்படுகிறது. எனினும் எதைக் கண்டார், எதைக் கண்டும் வரையாது விட்டார் என்னும் வினாக்கள் இவ்வுறுதிப்பாட்டோடு உடன்பிறந்தவை.

அவ்வினாக்களுக்கு விடைகாணத் தமிழில் ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியம் நிலக்காட்சியை நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்துத் தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, தொழில் முதலாகிய கருப்பொருள், மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துக் காண்கிறது. ஓர் ஆங்கிலேயர் அறியாத இலக்கணத்தால் அவரைக் குற்றம் சாட்டுவது நோக்கமன்று. ஒரு நிலக்காட்சியில் எவையெவை இடம்பெறக்கூடும் என்பதை நினைவூட்டும் கருவியாகவே இப்பகுப்பு இங்குக் கொள்ளப்படுகிறது.

1. வாழ்வும் பயணமும்

வில்லியம் டேனியல் 1769இல் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். 1779இல் தந்தையை இழந்தபின், ஓவியரான சிறிய தந்தையார் தாமஸ் டேனியலின் (1749 - 1840) ஆதரவில் வளர்ந்தார். 1785இல் இருவரும் கப்பலேறிச் சீனத்தின் வழியாக 1786இல் கல்கத்தா அடைந்தனர். அப்போது வில்லியமுக்கு வயது பதினாறு. கல்கத்தாவின் 12 காட்சிகளை அச்சிட்டு வெளியிட்டபின், 1788 முதல் 1791 வரை வடஇந்தியாவில் இமயமலை அடிவாரம் வரை பயணம் செய்தனர்.

தென்னாட்டுப் பயணம் 1792 - 93இல் நிகழ்ந்தது. ஓவியங்களைப் பரிசுச்சீட்டு முறையில் விற்றுத் திரட்டிய பொருள் இதற்கு உதவியது. அக்காலச் சூழல் கருதத்தக்கது. மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையுடன் முடிந்து, பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியின் கைக்கு வந்தன. அதே ஆண்டில் ஆர்க்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடமிருந்து கப்பம் பெறும் உரிமையும் கும்பினிக்குச் சென்றது. போர் முடிந்த பகுதியின் மலைக்கோட்டைகளைக் கண்டு தெற்கு நோக்கி வந்த ஓவியர்கள் பல்லக்கிலும் குதிரையிலும், சுமையாளர் பலர் உடன்வரப் பயணம் செய்தனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கட்டடங்களை வரைந்ததோடு, திருநெல்வேலிச் சீமையின் மலையடிவாரத்தையும் அடைந்தனர்.

1794இல் இங்கிலாந்து திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பு வெளிவந்தது. ஆறு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 24 என மொத்தம் 144 அச்சோவியங்கள் கொண்டது அது. 1822இல் வில்லியம் இராயல் அகாதமியின் முழு உறுப்பினரானார். அத்தேர்தலில் ஜான் கான்ஸ்டபிளுக்கு அவ்விடம் கிட்டவில்லை. பிற்காலக் கலை வரலாறு கான்ஸ்டபிளையே உயர்த்திப் பேசுகிறது. டேனியலோ இடவிளக்க ஓவியர் என்ற அளவில் ஒதுக்கப்பட்டார். அவ்வொதுக்கம் முற்றும் நியாயமானதா என்பது இக்கட்டுரையின் உட்கிடையான வினா.

2. குற்றாலத்தைக் கண்ட மூன்று பார்வைகள்

டேனியல்கள் வருமுன்னரே குற்றாலம் கலைக்குப் பொருளான இடம். இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, சித்திர சபை. நடராசரின் ஐம்பெரும் சபைகளுள் திருவாலங்காடு இரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை என எண்ணப்படுகின்றன. குற்றாலத்தில் ஆடவல்லான் செப்புத்திருமேனியாக அல்லாமல் சுவரோவியமாகவே வழிபடப்பெறுகிறார். அங்கு ஓவியம் ஒரு பொருளின் நகல் அன்று. அதுவே பொருள்.

இரண்டாவது, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த இந்நூலில் மலைவளம் கூறுபவள் குறத்தி. அவள் மலையை வெளியிலிருந்து பார்ப்பவள் அல்லள். தன் மலை எனச் சொல்பவள். விலங்கும் மரமும் தெய்வமும் குடிகளும் அவள் வாய்மொழியில் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் அங்கு ஒன்றாகின்றன.

மூன்றாவதாக வருவது டேனியல்களின் பார்வை. 'ஓரியண்டல் சீனரி'யின் நான்காம் பகுதியாகிய நிலக்காட்சித் தொகுதி 1807ஆம் ஆண்டைச் சார்ந்தது. திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாச அருவி, குற்றால அருவி என்னும் தலைப்புடைய அச்சோவியங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. சித்திர சபையின் ஓவியர் தெய்வத்தின் இருப்பை வரைந்தார். கவிராயர் குடியின் உரிமையைப் பாடினார். டேனியல்கள் பாறையின் சாய்வையும் நீரின் வீழ்ச்சியையும் அளந்தனர். இருட்டறைக் கருவியாகிய காமிரா அப்ஸ்க்யூராவின் துணையுடன் காட்சியின் விளிம்புகளைத் தாளில் இறக்கிக்கொள்வது அவர்களின் வழக்கம். முதற்பொருளைப் பொறுத்தவரை இத்தகைய துல்லியம் இவ்வட்டாரத்துக்கு அதற்குமுன் வாய்க்காதது. இதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆனால் அத்தொகுப்பின் நிலக்காட்சிகளில் மாந்தர் பெரும்பாலும் சிற்றுருக்களே. பாறை எவ்வளவு பெரிது என்பதை உணர்த்தும் அளவுகோலாகவே அவர்கள் நிற்கின்றனர். அவர்களுக்குத் தொழில் உண்டெனினும் கதை இல்லை. ஓவியர்களின் சுமையைத் தூக்கிவந்தவர்களும் வழிகாட்டியவர்களும் காட்சிக்கு வெளியே நிற்கின்றனர். அக்கால ஆங்கிலேயக் கலைச் சுவையாகிய எழிற்காட்சி நெறி கருநிற முன்னிலம், ஒளிமிக்க நடுநிலம், மங்கிய தொலைவு எனக் காட்சியை அடுக்கியது. மாந்தரை அவ்வடுக்கின் அணியாகவே அது வேண்டியது. கண்டதைக் கண்டவாறு வரைந்த கை, காண்பதற்கு முன்னரே வகுத்த சட்டத்துக்குள்தான் வரைந்தது.

3. அச்சுமுறையும் நீரின் வெண்மையும்

டேனியல்களின் நீர்க்காட்சியை விளங்கிக்கொள்ள அதன் தொழில்நுட்பம் இன்றியமையாதது. அக்வாடின்ட் முறையில் செப்புத்தகட்டின்மேல் பிசின்துகள் படியவைக்கப்படும். தகட்டை அமிலத்தில் இடும்போது துகள்களுக்கிடையே செம்பு அரிக்கப்பட்டு, நுண்ணிய மணற்பரப்புப் போன்ற தளம் உண்டாகும். வெளிறியிருக்கவேண்டிய பகுதியை மெருகுப்பூச்சால் மூடிவிட்டு, மற்றப் பகுதிகளை மேலும் அரிக்கவிடுவர். இவ்வாறு படிப்படியாக அரிக்குந்தோறும் கருமை மிகும். பின்னர் ஓரிரு வண்ண மைகளில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டுவர்.

இதன் விளைவு ஒன்று கவனிக்கத்தக்கது. இம்முறையில் வெள்ளை என்பது இடப்படும் வண்ணம் அன்று. அமிலம் தீண்டாமல் காக்கப்பட்ட தாளின் வெறுமையே வெள்ளை. அருவியின் நுரைத்த வெண்மையைக் காட்ட ஓவியர் செய்யவேண்டியது, சுற்றியுள்ள பாறையையும் இலையையும் நிழலையும் வரைந்து, நீரை வரையாமல் விடுவது. நீரின் வடிவம் நீரல்லாதவற்றால் பெறப்படுகிறது. இயக்கத்தைக் கோடுகளால் நடித்துக்காட்டும் வழியை விட்டு, ஒளிவேறுபாட்டால் உணர்த்தும் இப்பயிற்சி வில்லியமின் கையில் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்தது. கண்ணை உறுத்தாத அமைதியும், காட்சி முழுவதும் பரவிய ஒளியும் அவருடைய பிற்காலக் கடற்காட்சிகளின் சிறப்பு. அவற்றின் தொழில்நுட்ப வேர் இந்திய அச்சோவியங்களை உருவாக்கிய இவ்வாண்டுகளில் இருக்கிறது.

அத்தொகுப்பின் ஓவியங்களில் தாமஸ், வில்லியம் ஆகிய இருவரின் பங்கையும் முற்றிலும் பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் தொடர்ச்சி கையின் தொடர்ச்சி மட்டுமன்று. நீரை எங்கு நின்று, எவ்வளவு தொலைவில் காண்பது என்னும் பார்வையின் தொடர்ச்சியும் உண்டு. பின்வரும் ஓவியம் அதைக் காட்டும்.

4. கடலில்லாக் குமரிமுனை

நான்காம் பகுதியில் 'களக்காட்டருகிலிருந்து கண்ட குமரிமுனை' என்னும் பொருள்படும் தலைப்புடைய அச்சோவியம் உண்டு. களக்காடு மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. காட்சியை ஆள்வது மலை. பெயரோ கடல்முனைக்குரியது.

இதை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. மலைத்தொடர் தெற்கே சென்று கடலில் முடிவதை அறிந்தே அதன் ஒரு பகுதிக்கு அம்முடிவின் பெயரை இட்டனர் எனக் கொள்ளலாம். கப்பலில் வரும் ஐரோப்பியருக்குக் குமரிமுனை என்பது கடலிலிருந்து தெரியும் மலையுச்சிகளின் அடையாளமும் ஆகும். எனினும் லண்டனில் அவ்வச்சைக் கையிலேந்திய வாசகருக்குக் களக்காடு என்னும் ஊர் பின்தள்ளப்பட்டு, நிலப்படத்தில் அவர் அறிந்த முனை முன்னிறுத்தப்படுகிறது. துல்லியமான காட்சிக்குத் துல்லியமற்ற பெயர் அமைந்துவிட்டது.

அருவி ஓவியங்களின் தலைப்பிலுள்ள 'மாவட்டம்' என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஓவியர்கள் வந்த 1792இல் இச்சீமை நவாபின் பெயரால் வழங்கிய நாடு. பாளையங்கள் உயிருடன் இருந்தன. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801இல் கும்பினியின் நேராட்சி அமைந்தபின்னரே அவ்வாட்சிச் சொல் முழுப்பொருள் பெற்றது. ஆக, ஒரே தாளில் இரண்டு காலங்கள் படிந்துள்ளன. கோடு 1792ஐச் சார்ந்தது. தலைப்பு 1807ஐச் சார்ந்தது. இடைப்பட்ட குருதியின் சுவடு இரண்டிலும் இல்லை.

5. பிரித்தானியக் கரையில் நெய்தல்

1810இல் சீனம் வழியாக இந்தியாவுக்குச் சென்ற பயணத்தின் 50 காட்சிகளை டேனியல்கள் வெளியிட்டனர். 1813இல் வில்லியம் தம் வாழ்வின் மிகப்பெரிய பணியைத் தொடங்கினார். எழுத்தாளர் ரிச்சர்ட் ஏய்ட்டனுடன் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலிருந்து புறப்பட்டு, கோடைகாலந்தோறும் தீவின் கரையைச் சிறிதுசிறிதாகச் சுற்றினார். 1814 முதல் 1825 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'எ வாயேஜ் ரவுண்ட் கிரேட் பிரிட்டன்' 308 அச்சோவியங்களைக் கொண்டது. முதலிரு தொகுதிகளின் உரையை ஏய்ட்டன் எழுதினார். அவர் விலகியபின் உரையையும் டேனியலே எழுதினார்.

இங்கு ஒரு மாற்றம் நிகழ்கிறது. எழிற்காட்சி நெறி நிலத்துக்கென வகுத்தது. முன்னிலத்தில் நிறுத்த மரமும், பக்கத்தில் அணைகொடுக்கப் பாறையும் அதற்கு வேண்டும். கடலுக்கு அவை இல்லை. கடலின் முன்னிலம் நொடிதோறும் குலைகிறது. ஆகவே சட்டம் நெகிழ, அங்குள்ள பொருள்கள் தம் இயல்பில் வந்து நிற்கின்றன. கலங்கரை விளக்கங்கள், சிறு துறைமுகங்கள், மீன்பிடி படகுகள், கற்சுரங்கம், கிளைடு ஆற்றில் புகைவிட்டுச் செல்லும் நீராவிப்படகு எனக் கரையின் தொழில்வாழ்வு ஓவியத்துள் நுழைகிறது. நீராவிப்படகை நிலக்காட்சியின் அழகுக்கு இழுக்கெனக் கருதக்கூடிய காலத்தில் அதை வரைந்தது சிறுசெய்தி அன்று. திணைமொழியில் சொன்னால், முதற்பொருளுடன் நெய்தலின் கருப்பொருளும் வந்து சேர்கிறது.

ஆயினும் எல்லையொன்று எஞ்சுகிறது. வைட்ஹேவன் என்னும் துறைமுக ஊரில் ஏய்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கி, அங்கு உழன்ற பெண்களையும் சிறுவர்களையும் பற்றி மனம் பதைக்க எழுதினார். டேனியலின் ஓவியத்தில் இருப்பது துறைமுகமும் நகரமும். பார்வைக்கு அழகிய கரையின் அடியில் நிகழும் துன்பம் எழுத்துக்கு விடப்பட்டது. குற்றாலத்தில் காணப்படாத சுமையாளருக்கும் வைட்ஹேவனில் காணப்படாத சுரங்கத்தொழிலாளருக்கும் இடையே உறவுண்டு. டேனியலின் புறக்கணிப்பை இந்தியர் மீதான இகழ்ச்சி என்று மட்டும் விளக்கினால் இவ்வுறவு புலப்படாது. ஆட்சியாளன் பார்வையோடு, தொலைவில் நின்று காணும் நடப்பியலின் பொதுக்குறையும் அதில் சேர்ந்துள்ளது.

6. சென்னைக் கரைக்கு மீளல்

'ஓரியண்டல் சீனரி'யின் இரண்டாம் பகுதியில் தென்கிழக்கிலிருந்து கண்ட புனித ஜார்ஜ் கோட்டையின் காட்சி உண்டு. கோட்டையின் வெண்சுவர்களுக்கு முன்னே அலையும் படகுகளும் இடம்பெறும் ஓவியம் அது. தம் முதுமையில் வில்லியம் இக்கரைக்கு மீண்டும் திரும்பினார். 1831இல் ஈ. டி. பாரிஸ் என்பாருடன் இணைந்து சென்னையின் சுற்றுக்காட்சி ஓவியத்தைத் தீட்டினார். 1833இல் புனித ஜார்ஜ் கோட்டையருகே வங்கக்கடலில் சூறைக்காற்று கடந்துசெல்லும் பொழுதைப் பொருளாகக் கொண்டு எண்ணெய் ஓவியம் வரைந்தார். கரையைக் கண்டு நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், பழைய வரைவுகளையும் நினைவையும் கொண்டு வரைந்தவை இவை.

அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் கரைசேர ஒரே வழி, கடலோர மக்களின் மசூலாப் படகும் கட்டுமரமும். ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா, அலையின் அடியைத் தாங்கி நெளிந்துகொடுக்கும். கும்பினியின் கோட்டைக்கும் கும்பினியின் கப்பலுக்கும் இடைப்பட்ட சில நூறு கெசத் தொலைவில் ஆட்சி முழுவதும் தமிழகக் கடலோடியின் கைத்திறனை நம்பியிருந்தது. அருவிக்காட்சியில் அளவுகோலாக நின்ற மனிதன், சென்னைக் கடற்காட்சியில் இன்றியமையாதவன் ஆகிறான். அவனை நீக்கினால் அக்காட்சியே நிகழாது. முகம் அற்றவனாயினும் அவன் செயலே ஓவியத்தின் பொருளாகிறது. டேனியலின் கலை உரிப்பொருளுக்கு மிக அருகில் வந்த இடம் இதுவே.

7. சான்றாகக் கொள்ளும் நெறி

இன்று குற்றாலம், பாபநாசம் பற்றிய வட்டார வரலாற்று எழுத்துகளில் டேனியல் அச்சோவியங்களை 'அன்றைய அருவி' என எடுத்துக்காட்டும் வழக்கம் உண்டு. புகைப்படத்துக்கு முற்பட்ட காலத்துக்கு வேறு காட்சிச்சான்று அரிது என்பதால் இவ்விருப்பம் இயல்பானதே. ஆயினும் மூன்று அடுக்குகளைப் பிரித்தறியவேண்டும். களத்தில் எடுத்த வரைவு முதலாவது. ஆண்டுகள் பல கழிந்து லண்டனில் அமைத்த செப்புத்தகடு இரண்டாவது. படிக்குப் படி வேறுபடக்கூடிய கைவண்ணம் மூன்றாவது. பாறையமைப்புக்கு முதல் அடுக்கை நம்பலாம். மரஞ்செடியின் அடர்த்திக்கும் மாந்தரின் நிலைக்கும் இரண்டாம் அடுக்கின் கலைநெறியைக் கழித்தே முடிவுசெய்யவேண்டும். வானின் நிறத்தையோ நீரின் நிறத்தையோ கொண்டு பருவத்தை உறுதிசெய்வது பிழையாகும்.

இன்னொன்றும் உண்டு. அவ்வோவியத்தைத் தனித்து அச்சிடாமல், குறவஞ்சியின் மலைவளப் பகுதியோடும் சித்திர சபையின் சுவரோவியத்தோடும் அருகருகே வைத்துக் கற்பிக்கவேண்டும். அப்போதுதான் டேனியல் தந்தது எது, அவரால் தரமுடியாதது எது என்பது மாணவருக்கு விளங்கும். வெளியார் ஒருவரின் துல்லியத்தை மட்டும் உண்மை எனப் பழகிவிட்டால், இவ்வூரார் தம் நிலத்தைப் பற்றித் தாமே சொல்லிவைத்தவை வெறுங்கற்பனை எனத் தோன்றத் தொடங்கும். அது ஓவியரின் குற்றமன்று. படிப்போரின் குற்றம்.

முடிவுரை

வில்லியம் டேனியலின் நடப்பியல் நீரின் நடப்பியல். நீரை வரையாமல் விட்டு நீரைக் காட்டும் நுட்பம் பாபநாசம், குற்றாலம் ஆகியவற்றின் அருவிகளை அச்சாக்கிய காலத்தில் பழகியது. பிரித்தானியக் கரையில் அது முதிர்ந்தது. அருவியோவியங்களில் முதற்பொருள் மட்டும் செம்மையாய் அமைந்தது. கரையோவியங்களில் கருப்பொருளும் சேர்ந்தது. முதுமையில் வரைந்த சென்னைக் கடலில் உரிப்பொருளின் வாயில்வரை அவர் வந்தார். எழிற்காட்சிச் சட்டம் நிலத்தில் அவரைக் கட்டியது. கடல் அக்கட்டைத் தளர்த்தியது. கான்ஸ்டபிளுக்கு முன்னே தேர்ந்தெடுக்கப்பட்டதை ஒரு பிழையெனச் சொல்லிக் கடந்துவிடாமல், இவ்வளர்ச்சியைக் கருதி அவரை மீண்டும் காணவேண்டும்.

குற்றாலத்தில் அவர் கண்ட நீர் சிற்றாற்றின் வழியே கடலுக்குச் சென்றது. அவர் கலையும் அவ்வழியே சென்றது. அந்நீர் இடையில் எத்தனை ஊர்களின் வயலைத் தொட்டுச் செல்கிறது என்பது அவர் ஓவியங்களில் இல்லை. அதை எழுதி நிரப்பும் கடமை இவ்வட்டார ஆய்வாளர்களுக்கு உரியது.